வாழ்நாள் பூரா சுர்டோ வாசிச்ச மாமனார் இப்ப வீட்டோட இருக்கணும்னு சொல்றாரு, இது நல்லதுக்கா இல்ல கவலைப்படணுமா?

ரியோ_மருமக

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

நான் கல்யாணம் ஆகி வந்தது ரியோ டி ஜெனிரோவுக்கு, வடக்குப் பக்கம் மடுரேய்ராவுக்குக் கிட்ட இருக்கோம், வீட்டுக்காரர் இந்த ஊர்க்காரர். அவரோட அப்பா சம்பா கலைஞர், சம்பான்னா பிரேசிலோட தாளப் பாட்டு. சின்ன வயசுல இருந்து ஒரு சம்பா ஸ்கூலோட (பள்ளிக்கூடம் இல்ல, கார்னிவல் ஊர்வலம் போற சங்கம்) பேட்டரியில, அதாவது ட்ரம் குழுவுல, சுர்டோ வாசிக்கிறவரு. சுர்டோன்னா அந்தப் பெரிய ட்ரம், தோள்ல பட்டை மாட்டி இடுப்புக்குக் கீழ தொங்கும், மொத்த ஊர்வலத்துக்கும் அதுதான் அடித்தாளம். கார்னிவல் போக மத்த நாள்ல ராத்திரி பார்கள்ல பகோடேங்கிற சம்பா வகை வாசிக்கிற குழுவோட வாசிப்பாரு, வெள்ளி சனி ஞாயிறு மூணு நாளும் அவரை வீட்டுல பாக்கவே முடியாது. என் வீட்டுக்காரர் சின்னப் பையனா இருந்தப்ப அப்பாவை முழிச்ச முகத்தோட பாத்ததே கம்மின்னு சொல்லுவாரு.

இந்த வருஷம் கார்னிவல் முடிஞ்சு ஒரு ஞாயித்துக்கிழமை சாப்பாட்டு மேசையில எல்லாரும் இருக்கும்போது மாமா சொல்லிட்டாரு, இனிமே ஊர்வலத்துல சுர்டோ தூக்கமாட்டேன், ராத்திரி ப்ரோக்ராமும் ஒத்துக்கமாட்டேன், பேரப்பிள்ளைங்களோட இருக்கப்போறேன்னு. அவ்வளவுதான், அதுக்கு மேல பேச்சே இல்ல, சாப்பிட்டு முடிச்சாரு.

எனக்கு சந்தோஷமாதான் இருந்துச்சு. ஆனா அன்னைக்கு சாயங்காலம் அவரு ட்ரம்மை நடையில வெச்சு சாவி எடுத்து ஒவ்வொரு போல்ட்டா கொஞ்சம் கொஞ்சமா, எதிர் எதிர் பக்கமா மாத்தி மாத்தி லூஸ் பண்ணாரு, தோல் தொளதொளன்னு ஆனதும் உள்ளங்கையால ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டு பழைய போர்வையைப் போட்டு மூடிட்டாரு. இதைப் பாத்ததுல இருந்து என் வீட்டுக்காரருக்குத் தூக்கம் இல்ல. அப்பாவுக்கு ஏதோ உடம்புக்கு இருக்கு, நம்மகிட்ட மறைக்கிறாரு, இல்லன்னா மனசு உடைஞ்சிருக்காருன்னு சொல்றாரு. குழுவுல இருக்கிறவங்களும் போன் மேல போன். நான் பாக்குறப்ப மாமா நல்லாதான் இருக்காரு, காலையில எங்க பொண்ணை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறாரு, மத்தியானம் மேசையில விரலால தட்டி அவளுக்குத் தாளம் சொல்லிக்குடுக்கிறாரு.

சம்பா உலகத்துல பெரியவங்க இப்படி வேகத்தைக் குறைச்சுக்கிறது சகஜமா? அவங்க அதுக்கப்புறம் என்ன பண்றாங்க? வருமானம் குறையும், அதையும் யோசிக்கணும். தெரிஞ்சவங்க சொல்லுங்களேன்.

தம்போரிம்_ரசிகன்

சகோதரி, முதல்ல அந்த ட்ரம் விஷயத்துக்கு வரேன், உங்க வீட்டுக்காரர் அதைத்தான் தப்பா எடுத்துக்கிட்டாருன்னு தோணுது. வாசிக்காம ரொம்ப நாள் வைக்கப்போற சுர்டோவோட தோலை லூஸ் பண்ணிதான் வைக்கணும், இழுத்துக் கட்டினபடியே விட்டா தோலும் கெடும் வளையமும் கோணும். எதிர் எதிர் பக்கமா மாத்தி மாத்தி லூஸ் பண்ணாருன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அது ட்ரம்மைக் காப்பாத்த நினைக்கிற ஆளோட கை. வெறுத்துப்போனவரா இருந்தா வித்திருப்பாரு, இல்ல ஸ்கூலுக்கே குடுத்திருப்பாரு.

நான் நித்தேரோய்ல இருக்கேன், பெரிய கலைஞன் எல்லாம் இல்ல, தம்போரிம்ங்கிற சின்ன ட்ரம் வாசிப்பேன், நிறைய ரோடாவுல, அதாவது வட்டமா உக்காந்து வாசிக்கிற சம்பா கூட்டத்துல, ஓரமா உக்காந்து கேட்டிருக்கேன். நீங்க கேட்டதுக்கு என் பதில், சகஜம்தான், சம்பாவுல வயசானவங்களுக்குன்னு ஒரு இடமே இருக்கு. வெல்யா குவார்டான்னு கேள்விப்பட்டிருப்பீங்க, ஸ்கூலோட மூத்தவங்க குழு, ஒவ்வொரு ஸ்கூலுக்கும் ஒண்ணு உண்டு, ஸ்கூலோட நிறத்துல கோட்டு சூட்டு, தொப்பி, அவ்வளவு மரியாதையா ஊர்வலத்துல வருவாங்க, பாத்தவுடனே சனங்க எழுந்து நின்னு கை தட்டும். உங்க ஏரியாவுலயே போர்டேலா சம்பா ஸ்கூலோட வெல்யா குவார்டா இருக்கு, 1970ல பாடகர் பாவுலின்யோ ட வியோலாதான் அந்தப் பெரியவங்களைச் சேத்து முதல் ரெக்கார்டு போட வெச்சாரு, அதுல இருந்துதான் அவங்க ஒரு பாட்டுக்குழுவா இன்னிக்கு வரைக்கும் நிக்கிறாங்க. அங்க யாரும் ட்ரம் தூக்கிட்டு 700 மீட்டர் நடக்கச் சொல்லமாட்டாங்க. சம்போட்ரோமோங்கிற ஊர்வலப் பாதையில ஒரு மணி நேரத்துக்கு மேல, அந்தச் சூட்டுல, ஜரிகை வெச்ச கனமான உடுப்புல, தோள்ல சுர்டோ. வாலிபப் பசங்களே முடிவுல மூச்சு வாங்குவாங்க. தூக்கமாட்டேன்னு மாமா சொன்னதுல எனக்கு ஆச்சரியமே இல்ல.

பாவுலின்யோ பேரை எடுத்ததால சொல்றேன், 1942ல பிறந்த மனுஷன், 1996ல "பெபடோசம்பா" வந்ததுக்கு அப்புறம் முழுசா புதுப்பாட்டோட ஸ்டூடியோ ஆல்பமே போடல. அவசரமே படமாட்டாரு. வீட்டுல மரவேலை பாப்பாரு, பழைய கார்களைப் பிரிச்சு சரி பண்ணுவாரு. ஆனா ஒதுங்கிட்டாரான்னா இல்லவே இல்ல, மகன் ஜுவாவ் ரபெல்லோ கிட்டார் வாசிக்கிறாரு, மக பியாட்ரிஸ் பாடுறாங்க, ரெண்டு பேரும் அவரோட மேடையில நிப்பாங்க. அவரோட அப்பா செசார் ஃபரியாவும் கிட்டார்காரர்தான், அவங்க வீட்டுக்கே பிஷிங்கின்யா, ஜாக்கோப் டோ பண்டோலிம் மாதிரி பெரிய கலைஞர்கள் எல்லாம் வந்து வாசிச்சிருக்காங்க, இவரு சின்னப் பையனா ஓரத்துல உக்காந்து கேட்டு வளர்ந்தவரு. அந்தக் குடும்பத்துல வீடு தனி பாட்டு தனின்னு இருந்ததே இல்ல.

சம்பா பாடகர் மார்ட்டின்யோ ட விலா இன்னொருத்தர், 1938ல பிறந்தவரு, 8 பிள்ளைங்க, அதுல மார்ட்னாலியா பெரிய பாடகி. 2022 கார்னிவல்ல விலா இசபெல் ஸ்கூல் அவரையே கருப்பொருளா வெச்சு ஊர்வலம் போச்சு, அப்ப அவருக்கு 84. பாடகர் ஸெகா பகோடின்யோ எடுத்துக்கிட்டா ரியோ நகரத்தையே விட்டு டுகே டி காஷியாஸ்ல ஷெரேம்ங்கிற மலையடிவாரத்துல போய் ஊரோட ஊரா இருந்தவரு, அங்கேயே பசங்களுக்குப் பாட்டுச் சொல்லிக்குடுக்க ஒரு அமைப்பும் நடத்துறாரு. பழைய சம்பா பாட்டுக்காரர் கார்டோலா 65 வயசுலதான் முதல் சொந்த எல்பி போட்டாரு, 1974ல, பேரும் புகழும் வந்து நாலு வருஷத்துல மனைவி டோனா ஸிகாவைக் கூட்டிக்கிட்டு மங்கேய்ரா குன்றை விட்டு அமைதி தேடி ஜக்காரேபக்வாவுக்குக் குடிபோயிட்டாரு, அங்க போயும் பாட்டு எழுதினாரு.

இதையெல்லாம் ஏன் சொல்றேன்னா சம்பா பிறந்ததே வீட்டுலதான். ரியோவுல ப்ராசா ஓன்ஸேல தியா சியாட்டா அம்மா வீட்டுப் பின்கட்டுல சமையலும் சாமியும் பாட்டுமா ஒண்ணாதான் நடந்துச்சு, 1916ல பதிவான "பெலோ டெலிஃபோனி" சம்பா பாட்டு அந்த வீட்டுக் கூட்டத்துல உருவானதுதான். சம்பா இந்தப் பாருக்கும் மேடைக்கும் போனது அதுக்கப்புறம். அதனால உங்க மாமா சம்பாவை விட்டுட்டு வீட்டுக்கு வராருன்னு நான் எடுத்துக்கமாட்டேன், ராத்திரி சம்பாவை விட்டுட்டு பகல் சம்பாவுக்கு வராருன்னுதான் சொல்லுவேன். மேசையில தட்டிச் சொல்லிக்குடுக்கிறாருன்னு நீங்களே எழுதியிருக்கீங்களே, அதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்.

ரியோ_மருமக

ரொம்ப நன்றி அண்ணா, இதை அப்படியே என் வீட்டுக்காரருக்குச் சொன்னேன், ட்ரம் விஷயம் கேட்டதும் முகமே மாறிடுச்சு. ஆனாலும் அவரு விடல, அப்பா திங்கக்கிழமை ஆனா ஒரு மாதிரி அமைதியா இருக்காருன்னு சொல்றாரு. வாரக் கடைசி வீட்டுல இருந்து பழக்கமே இல்லாத மனுஷன்ல, அதனாலயா தெரியல. அப்புறம் காசு விஷயம் யாராவது சொல்லுங்க, மாமாவுக்கு 66 வயசு, பென்ஷன் பத்திக் கேட்டா பாத்துக்கலாம்மான்னு கையை ஆட்டிடுவாரு.

கணக்கு_வழக்கு

தங்கச்சி, நான் சாவ் பாவுலோல கணக்கர் ஆபீஸ்ல வேலை, கலைஞர்கள் கேஸ் நிறைய பாத்திருக்கேன், இவங்கள்ல பாதிப் பேரு தனக்கு என்ன வரணும்னே தெரியாம இருப்பாங்க, அதுல எனக்கு ரொம்ப ஆதங்கம்.

முதல் வேலையா மெயு ஐஎன்எஸ்எஸ்ங்கிற அரசாங்க பென்ஷன் ஆப்ல அவரோட லாகின்ல போய் கட்டின வருஷம் எல்லாம் பதிவாகியிருக்கிற சிஎன்ஐஎஸ் அறிக்கையை இறக்குங்க. 2019 பென்ஷன் சீர்திருத்தத்துக்கு அப்புறம் ஆம்பளைக்கு வயசு வரம்பு 65, அதுக்கு முன்னாடியே கட்ட ஆரம்பிச்சவங்களுக்கு குறைஞ்சது 15 வருஷம் கட்டியிருக்கணும். பெரும்பாலும் இவங்க பகல்ல வேற வேலை பாத்திருப்பாங்க, கம்பெனி, கடை, நகராட்சின்னு, அந்த வருஷங்க எல்லாம் சேரும். பழைய வேலைக் கார்டு, அந்த நீலப் புத்தகம், வீட்டுல எங்கயாவது டப்பாவுல கிடக்கும், தேடி எடுங்க, கம்ப்யூட்டர்ல ஏறாத வருஷம் அதுல இருந்தா சேக்கச் சொல்லி மனு போடலாம். இசைக்கலைஞரா மெயி, அதாவது சின்ன அளவு சுயதொழில்காரர்னு, பதிவு பண்ணி மாசாமாசம் கட்டியிருந்தா அதுவும் கணக்கு, அது குறைந்தபட்சக் கூலியில 5 சதவீதம்தான். பென்ஷன் வாங்குறவரு அப்புறம் வாசிக்கவே கூடாதுன்னு எதுவும் இல்ல, அந்தப் பயம் நிறைய பேருக்கு இருக்கு, எப்பவாவது ஒரு ரோடாவுல வாசிச்சுக் காசு வாங்கினா பென்ஷன் ஒண்ணும் நிக்காது.

ரெண்டாவது விஷயம்தான் முக்கியம். மாமா எப்பவாவது ஸ்டூடியோவுல யாருக்காவது ரெக்கார்டிங்ல வாசிச்சிருக்காரா? பழைய பகோடே ரெக்கார்டு, சம்பா என்ரெடோ (ஊர்வலப் பாட்டு) ஆல்பம் எதுவா இருந்தாலும் சரி. அப்படின்னா அந்த ரெக்கார்டு ரேடியோவுலயோ டிவியிலயோ ஓடும்போது பாட்டு உரிமைத் தொகை வசூலிக்கிற எக்காட் அமைப்பு வசூல் பண்ற காசுல அவருக்குப் பங்கு உண்டு. ரெக்கார்டிங் உரிமைக்கு ஒதுக்குற தொகையில 41.7 சதவீதம் பாடினவருக்கு, 41.7 தயாரிப்பாளருக்கு, மீதி 16.6 கூட வாசிச்ச கலைஞர்களுக்கு. ஆனா தானா வீடு தேடி வராது. யுபிசி, அப்ராமுஸ் மாதிரி ஏதாவது ஒரு சங்கத்துல உறுப்பினராகி, எந்தெந்த ரெக்கார்டுல வாசிச்சாருன்னு பதிவாகியிருக்கணும். ஆல்பம் அட்டையில பேரு இருந்தா போட்டோ எடுத்து வெச்சுக்கோங்க. ஆள் தெரியாம தேங்கிக் கிடக்குற காசை 5 வருஷம்தான் வெச்சிருப்பாங்க, அதனால தள்ளிப் போடாதீங்க. பெரிய தொகையா இருக்காது, ஆனா அவரு உழைச்சது, அவருக்குத்தான் வரணும்.

இன்னொண்ணு, 65 தாண்டியாச்சுன்னா டவுன் பஸ் இலவசம், பேத்தியைக் கூட்டிட்டுச் சுத்த அதுவே போதும்.

காதோரம்

நான் செவித்திறன் பரிசோதனை பண்ற வேலையில இருக்கேன். மறைக்கிறாரோன்னு உங்க வீட்டுக்காரர் சந்தேகப்படுறாருல்ல, ஒரே ஒரு இடத்துல மட்டும் அது நியாயமா இருக்கலாம். காதைப் பாத்துட்டீங்களா? பேட்டரியில 250, 300 பேரு சுத்தி நின்னு வாசிக்கிற சத்தம், வருஷக்கணக்கா. நியாஷ்ங்கிற அமெரிக்க வேலையிடப் பாதுகாப்பு நிறுவனத்தோட அளவுப்படி 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபல்னா 15 நிமிஷம்தான். ஒரு ரிகர்சலே அந்த 15 நிமிஷத்தைப் பல மடங்கு தாண்டிடும்.

தாள வாத்தியக்காரங்களுக்குப் பெரும்பாலும் முதல்ல போறது மேல் ஸ்தாயி, அதாவது சின்னக் குழந்தைங்க பேச்சு, ச, ஸ மாதிரி எழுத்து எல்லாம். கூட்டத்துல பேசுறது புரியாம போகும், அப்ப பெரியவங்க சண்டை போடமாட்டாங்க, அமைதியாயிடுவாங்க. வீட்டுல பாக்குறவங்களுக்கு அது மனச்சோர்வு மாதிரியே தெரியும். ஒரு டெஸ்ட், வலியில்ல, கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும். பேத்தி சொல்றது காதுல தெளிவா விழணும்னு சொல்லிக் கூப்பிடுங்க, உடம்பு சரியில்லைன்னு சொல்லிக் கூப்பிட்டா வரமாட்டாங்க. போன செவித்திறன் திரும்பி வராது, மிச்சத்தைக் காப்பாத்தலாம். ரோடாவுக்குப் போனா இசைக்கலைஞர்களுக்குன்னு இருக்கிற காதடைப்பான் போடச் சொல்லுங்க, அது எல்லா ஸ்தாயியையும் சமமா குறைக்கும், பாட்டு மங்கலா கேக்காது.

மேடைக்காரர்_மகன்

எல்லாரும் நல்லா சொல்லியிருக்காங்க, நான் வேற ஒண்ணு சொல்லணும். எங்கப்பாவும் மேடைக் கலைஞர், இதே மாதிரி வீட்டுக்கு வந்தவரு. அவரு வந்ததும் நாங்க எல்லாரும் ரொம்ப சந்தோஷப்பட்டு, அப்பா சும்மாதானே இருக்காருன்னு ஸ்கூல்ல விடுறது, கூட்டிட்டு வர்றது, கரண்ட் ஆபீஸ், மருந்து வாங்குறதுன்னு ஒவ்வொண்ணா அவரு தலையில கட்டிட்டோம், அவரும் எதுக்கும் மாட்டேன்னு சொல்லல. கொஞ்ச நாள்ல மனுஷன் முன்னைவிடக் களைச்சுப்போயிட்டாரு. பேரப்பிள்ளைங்களோட இருக்கணும்னு ஆசைப்படுறது வேற, பேரப்பிள்ளைங்களை முழுநேரம் பாத்துக்கிறது வேற. உங்க மாமா காலையில பாப்பாவைக் கூட்டிட்டுப் போறாருன்னா அது அவரு கேட்டு வாங்கின வேலையா, இல்ல நீங்க குடுத்ததா, அதை மட்டும் பாத்துக்கோங்க.

அப்புறம் உங்க வீட்டுக்காரர் பத்தி. தப்பா எடுத்துக்காதீங்க, ஆனா கவலை அப்பாவைப் பத்தி மட்டும்தானா? சின்ன வயசுல அப்பாவை முழிச்ச முகத்தோட பாத்ததில்லைன்னு எழுதியிருக்கீங்க. இப்ப அந்த அப்பா பேத்தியோட மேசையில உக்காந்து தாளம் போடுறாரு. எனக்கு அது ரொம்ப நாள் தொண்டையில நின்னுச்சு, சந்தோஷமும் இருக்கும் வலியும் இருக்கும், எது எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது, அப்பாவுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டா அது கொஞ்சம் சுலபமா இருக்கும். அவரையும் ஒரு நாள் அப்பா பக்கத்துல உக்கார வெச்சு, எனக்கும் சொல்லிக்குடுங்கப்பான்னு கேக்கச் சொல்லுங்க. சுர்டோ கத்துக்க வயசு ஒண்ணும் தடையில்லைன்னு நினைக்கிறேன்.

தம்போரிம்_ரசிகன்

மேலே சொன்ன தம்பிக்கு ஒரு கும்பிடு, நான் பாட்டைப் பத்தியே பேசிட்டுப் போயிட்டேன், அவரு ஆளைப் பத்திப் பேசியிருக்காரு.

திங்கக்கிழமை அமைதியைப் பத்திச் சொன்னீங்கல்ல, அதுக்கு ரியோவுலயே ஒரு வழி இருக்கு. அந்தராயில ரெனசென்சா கிளப்புல சம்பா டோ ட்ரபல்யடோர்னு ஒரு ரோடா, 2005ல மொயசீர் லூஸ் ஆரம்பிச்சது, திங்கக்கிழமை மத்தியானத்துக்கு மேல நடக்கும். வாரக் கடைசி பூரா அடுத்தவங்களுக்காக வாசிக்கிற கலைஞர்களுக்கு ஓய்வுன்னா திங்கதான், அன்னைக்கு தனக்காக வாசிக்கலாம்னு ஆரம்பிச்சாங்க. மாமாவுக்குத் தெரியாம இருக்காது, ஒருவேளை யாராவது கூட வந்தா போவாரோ என்னவோ. போர்டேலாவுல மாசத்துல முதல் சனிக்கிழமை பகல்ல ஃபெய்ஜோவாடா (பீன்ஸ் கறி விருந்து) நடக்கும், குடும்பத்தோட போறதுக்குன்னே உள்ளது, குழந்தைங்க ஓடிக்கிட்டு இருக்கும், வெல்யா குவார்டா பாடும். டிசம்பர் 2 சம்பா தினத்தை ஒட்டி சென்ட்ரல் ஸ்டேஷன்ல இருந்து ஓஸ்வால்டோ க்ரூஸுக்கு சம்பா ரயில் போகும், பெட்டிக்குப் பெட்டி பாட்டு, பாப்பாவுக்கு மறக்கவே மறக்காது.

சம்பா பாடகி டோனா இவோனி லாரா கதையையும் மாமியார், மாமனார் ரெண்டு பேருகிட்டயும் பேசிப் பாருங்க. அந்தம்மா நர்சாவும் சமூகப் பணியாளராவும் வேலை பாத்து 1977ல ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம்தான் முழுநேரமா பாட ஆரம்பிச்சாங்க. உங்க மாமாவுக்கு நேர் எதிர்த் திசை, ஆனா ரெண்டு பேரும் செஞ்சது ஒண்ணுதான், வீட்டுக்கு எப்ப நேரம், பாட்டுக்கு எப்ப நேரம்னு தானே முடிவு பண்ணாங்க.

ரியோ_மருமக

இதை எல்லாம் படிச்சு எனக்கு அழுகையே வந்துடுச்சு. காது டெஸ்டுக்கு மாமா ஒத்துக்கிட்டாரு, அந்த "பேத்தி சொல்றது" வழிதான் வேலை செஞ்சுச்சு. பழைய எல்பி அட்டையில அவரு பேரு சின்ன எழுத்துல இருக்கு, என் வீட்டுக்காரர் இப்பதான் முதல் தடவையா பாக்குறாராம், அதை வெச்சுக்கிட்டு யாரு எவருன்னு ஒவ்வொரு பேரா அப்பாகிட்ட கேட்டுக்கிட்டே இருந்தாரு. சங்கத்துல பதிவு பண்ண அவரே அலையிறேன்னு சொல்லிட்டாரு.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. பாப்பா பிறந்தநாள் வருது, மாமா உக்காந்தபடியே வீட்டுல வாசிக்க ஏதாவது வாங்கித் தரணும்னு நினைக்கிறோம். சுர்டோவை மறுபடி எடுங்கன்னு நாங்க சொல்லக்கூடாதுன்னு தோணுது. என்ன வாங்கலாம்?

தம்போரிம்_ரசிகன்

டான்டான் வாங்குங்க, யோசிக்கவே வேண்டாம். 1970கள்ல ரியோவோட காசிக்கி டி ராமோஸ் கார்னிவல் சங்கத்துல புளியமரத்தடியில ஃபுண்டோ டி கிண்டால் குழு வாசிச்சப்ப செரேனோ கொண்டு வந்தது, சுர்டோ வேலையைத்தான் செய்யும், ஆனா நீளமா ஒல்லியா இருக்கும், மடியில சாய்ச்சு வெச்சு வெறுங்கையால வாசிக்கலாம், தோள்ல பாரமே இல்ல, சத்தமும் வீட்டுக்கு அடங்கும். கடையில 12 இன்ச், 14 இன்ச் ரெண்டும் காட்டுவாங்க. சின்னது வெட்டுத் தாளத்துக்கு நல்லா இருக்கும், ஆனா சுர்டோகாரரோட கை கீழ் ஸ்தாயியைத்தான் தேடும், அதனால 14 எடுங்க. மர உடம்பா அலுமினியமான்னு கேப்பாங்க, அதை மட்டும் நீங்க முடிவு பண்ணாதீங்க, மாமாவையே கடைக்குக் கூட்டிட்டுப் போய் தட்டிப் பாக்கச் சொல்லுங்க, ரெண்டு மணி நேரம் ஆகும், பரவாயில்ல. கூடவே பாப்பாவுக்கு ஒரு சின்ன தம்போரிம், பிளாஸ்டிக் தோல் போட்டது, ஒரு குச்சியோட.